கண்ணாடி துடைப்பவர் யார்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சன்னல் கண்ணாடி துடைப்பதைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்ட நினைப்பவர்கள் சற்றே நிற்குமாறு வேண்டுகிறேன். காதலைப் பற்றியும் கணினியைப் பற்றியும் எழுத இந்த மலரில் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் சம்பந்தப்பட்ட காரியம். அதற்குள்ளே நாம் படிக்கும் வேதியியல் இருக்கிறது. நாட்டின் சட்டம் இருக்கிறது. சில நேரங்களில் ஒரு மனித உயிரும் இருக்கிறது.

நம் ஊர் வீடுகள் கண்ணாடி வீடுகளாக இருந்ததில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். சன்னலென்றால் மரச்சட்டம், இரும்புக் கம்பி, இரட்டைப் பலகைக் கதவு. வெயில் ஏறினால் கதவைச் சாத்துவார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். 1920களில் தியாகராய நகர் உருவானபோது எழுந்த பங்களாக்களிலும் கண்ணாடி வந்தது, ஆனால் அளவோடு வந்தது: வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையுமாக நாலைந்து துண்டுகள். அவற்றை யாரும் மாதந்தோறும் துடைத்ததில்லை. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது அவற்றுக்கும் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஏழை வீட்டுக் கண்ணாடிகளோ மூன்றே மூன்று. சாமிப் படத்தின் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, அரிக்கேன் விளக்கின் கண்ணாடி. இந்த மூன்றாவதுதான் தினமும் வேலை வைக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் சிம்னியின் கரியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பது வீட்டுப் பெண் பிள்ளைகளின் வேலை என்று என் பாட்டி சொல்வார். சிறிய கை உள்ளே நுழையும் என்பதனால் அந்த வேலை அவர்களுக்கு வந்ததாம். ஒரு வேலை யார் தலையில் விழுகிறது என்பதற்கு எப்போதும் இப்படி ஏதாவதொரு காரணம் சொல்லப்படும்.

பிறகு காலம் மாறியது. உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, மேடுபள்ளம் இல்லாத தகடாக எடுக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் அறிவித்தார்கள். அதுவரை தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்த பெரிய கண்ணாடி மலிவாயிற்று. நம் பக்கத்திலே, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-இல் தொடங்கியது. தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அதன் பிறகு சென்னைக்குக் கண்ணாடி மோகம் பிடித்தது என்று சொன்னால் மிகையில்லை. உஸ்மான் சாலையின் துணிக்கடைகள், அண்ணா சாலையின் வங்கிகள், அடையாறு எல்.பி. சாலையின் மருத்துவமனைகள், எல்லாவற்றுக்கும் கண்ணாடி முகம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பலகைக் கதவு போய், அலுமினியச் சட்டத்தில் வழுக்கி ஓடும் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. ஆண்டில் பாதி நாள் வியர்த்து வழியும் ஊருக்கு வெயிலை உள்ளே அழைக்கும் சுவர் எதற்கு என்று நான் கேட்டால், கட்டடக் கலை படித்தவர்கள் அதற்கென்று தனிக் கண்ணாடி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அதைத் துடைப்பது யார் என்பதே என் கேள்வி.

முதலில் நாம் எட்டித் துடைக்கக்கூடிய கண்ணாடியைப் பார்ப்போம். இதில் நான் படிக்கும் பாடம் பேசட்டும்.

எவ்வளவு துடைத்தாலும் கண்ணாடியில் கோடு விழுகிறது, வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது என்று எல்லா வீட்டிலும் புலம்பல். கண்ணாடி மேல் குற்றமில்லை, குற்றம் தண்ணீரில். தென் சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் கடின நீர். கடலோரத்தில் உப்பு, சில இடங்களில் இரும்பு, அதாவது வாளியில் பிடித்து வைத்தால் மஞ்சளாக மாறும் தண்ணீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீரே கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர நிர்ணயம். கரைந்துள்ள மொத்த உப்புக்கு அதன் எல்லைகள் 500-உம் 2000-உம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள நீரால் கண்ணாடியைக் கழுவி, அதன்மேல் 50 மில்லி நீரை அப்படியே காயவிட்டால் 50 மில்லிகிராம் திடப்பொருள் அங்கே தங்கும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இரண்டாவது முறை கழுவினால் அதன்மேல் இன்னொரு பூச்சு. ஆக, நாம் கண்ணாடியைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம்!

இதனுடன் சோப்புத் தூளையும் அள்ளிப் போட்டால் கதை முடிந்தது. சோப்பு கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பிசுக்கைத் துணியால் இழுத்தால் விழுவதுதான் நாம் பார்க்கும் கோடு. தேவைப்படுவது ஒரு வாளி நீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுக்கள் மட்டுமே. கடையில் காலின் என்று எல்லோரும் கேட்டு வாங்கும் நீலத் திரவத்திலும் பெரும்பகுதி நீர்தான். அழுக்கை இளக்கச் சிறிது கரைப்பான், நுரைக்கும் பொருள், நிறம், மணம். அது நன்றாக வேலை செய்வதற்கு முக்கியக் காரணம், அந்த நீரில் உப்பு இல்லை என்பதே.

அப்படியானால் உப்பில்லாத நீருக்கு எங்கே போவது? ஆய்வகத்து வாலை வடிநீரை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆனால் தென் சென்னையின் பெரும்பாலான கட்டடங்களில் ஒரு வாலை வடிகலம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஏ.சி.யின் பின்னாலிருந்து சொட்டும் நீரைத்தான் சொல்கிறேன். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. தூசி இருக்கலாம். மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் ஒரு வாளி நிறையும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பாசி பிடிக்கவைத்துச் சண்டை மூட்டுகிற அந்த நீரால் கடைசியாக ஒருமுறை அலசினால் கண்ணாடியில் புள்ளி நிற்காது. மழைநீரும் அப்படியே, 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு பல வீட்டில் அதற்குத் தொட்டி இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை மறக்காதவர்கள், கண்ணாடி கழுவக் குடிநீரைத் திறந்துவிட மனம் ஒப்பமாட்டார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். சம அளவு நீர் கலந்து, துணியில் நனைத்துக் கறையின்மேல் சிறிது நேரம் ஒட்டவைத்து, பிறகு அலச வேண்டும். மஞ்சள் இரும்புக் கறைக்கு எலுமிச்சை உகந்தது. சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு வரும். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கத்துக் கடற்காற்றின் உப்புக்கோ இவை எதுவும் வேண்டாம். அது வெறும் சோற்று உப்பு, நல்ல நீரில் தானே கரையும். அலுமினியச் சட்டத்தின் மேலும் சலவைக்கல் திண்டின் மேலும் வினிகரை நிற்கவிடக் கூடாது. கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கண்ணாடிக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது! கண்ணாடி தப்பித்துக்கொள்ளும், சுற்றியுள்ள உலோகமும் துடைப்பவரின் நுரையீரலும் தப்பிக்காது.

உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் தேய்ப்பது இன்னொரு பிழை. கச்சேரி சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் மெட்ரோவுக்காகத் தோண்டியபோது வீடுகளுக்குள் வந்து விழுந்த தூசியில் மணல் உண்டு. மணல் என்பது குவார்ட்ஸ். மோ அளவுகோலில் அதன் கடினம் 7. சன்னல் கண்ணாடியோ ஏறக்குறைய ஐந்தரை. கடினமானது மென்மையானதைக் கீறும் என்று கனிமப் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கீறுகிறோம். முதலில் நீரால் நனைத்துத் தூசியை இறக்கிவிட வேண்டும். நல்ல வெயில் கண்ணாடியில் படும்போதும் துடைக்கக் கூடாது. துடைக்கும் முன்பே நீர் காய்ந்து தழும்பு விழும். மேற்குப் பார்த்த சன்னலுக்குக் காலையே நல்லது.

துடைப்பதற்குப் பழைய செய்தித்தாள்தான் சிறந்தது என்று தாய்மார்கள் சொல்வது பொய்யல்ல. தாள் நூல் உதிர்க்காது. ஆனால் இக்கால அச்சு மை சில நேரம் கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஒட்டுகிறது. அதைவிட மேலானது, தொழிலாளர்கள் வைப்பர் என்று சொல்லும் ரப்பர் பட்டை. அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் சன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் இத்தாலியர் 1936-இல் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். அதற்கு முன்பிருந்த கருவி கனமான இரும்புச் சட்டம் கொண்டது. தூக்கிச் சுமந்தவனுக்கே அதை இலேசாக்க வேண்டும் என்று தோன்றியதில் வியப்பென்ன? மேலோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முதலில் துணியால் உலர்த்திக்கொண்டு, அந்த இடத்தில் பட்டையை வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் பட்டையைத் துடைக்க வேண்டும். நீர் காயும்முன் நீரையே அகற்றிவிடுவதனால் உப்புக்கு அங்கே தங்க இடமில்லை.

இதுவரை சொன்னது இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும்போது செய்யக்கூடிய வேலை. இதற்கு ஆள் வைப்பதும் வைக்காததும் அவரவர் வசதி. எனக்கு அதில் கருத்து ஒன்றுமில்லை.

வெளிப்பக்கத்திற்கு வருவோம்.

என் தாயார் அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அந்த வருமானத்தில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் ஆகப்போகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, நான்காவது மாடியில் ஒரு வீட்டில், "ஏம்மா, வெளிப்பக்கமும் ஒரு தடவை தொடச்சிடேன், விருந்தாளி வர்றாங்க" என்று சொன்னார்களாம். சன்னலுக்கு வெளியே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சிமெண்டுத் தடுப்பு. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கட்டியது. அதன்மேல் ஒரு காலும் சன்னல் கட்டையின்மேல் ஒரு காலுமாக நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். இரவு சோறு போடும்போது மிகச் சாதாரணமாகச் சொன்னார். "மாட்டேன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "சொல்லலாம். அடுத்த மாசம் வேற ஆள் வருவா" என்றார். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். என் புத்தகச் செலவுக்கு ஒருமுறை பணம் கொடுத்தவர்கள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே தரை இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தோன்றாததைத் தோன்றவைக்கத்தான் சட்டம் வேண்டும். சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கென்று போயிருந்த பெண்கள் இப்படிச் சன்னல் துடைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் மாடியிலிருந்து விழுந்து இறந்தது 2012-இல் பெருஞ்செய்தியாயிற்று. இந்தோனேசியாவிலிருந்து, மியன்மாரிலிருந்து, நம் தமிழகத்திலிருந்தும்கூட அங்கே அந்த வேலைக்குப் போகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு மனிதவள அமைச்சகம் ஒரு விதி கொண்டுவந்தது. தரைமட்டத்திலோ பொது நடைவழியை நோக்கியோ இல்லாத சன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டுமானால், சன்னலில் கம்பித் தடுப்பு பொருத்தி அது பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டாரில் வயது வந்த ஒருவர் உடன் நின்று கண்காணிக்க வேண்டும். மீறிய வீட்டாருக்குத் தண்டனையும் உண்டு, இனி வேலைக்கு ஆள் வைக்கத் தடையும் உண்டு. எவ்வளவு எளிய விதி! இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு பூட்டும் ஒரு மனிதரின் கால் மணி நேரமும் போதும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழகத்தில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. அதன்கீழ் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் தனி நல வாரியம் அமைந்தது. பல மாநிலங்கள் எண்ணிக்கூடப் பார்க்காத காலத்தில் நம் மாநிலம் செய்த நற்செயல் அது. பதிவு செய்துகொண்டால் கல்வி உதவி கிடைக்கும், விபத்து நேர்ந்தால் நிவாரணம் கிடைக்கும். ஆனால் விபத்து நேர்வதற்கு முன், சன்னல் கட்டையில் ஏறச் சொல்லாதே என்று வீட்டுக்காரரிடம் சொல்லும் விதி அதில் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

"அதனால்தான் நாங்கள் இப்போது தொழில்முறை ஆட்களை அழைக்கிறோம்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். கைப்பேசியில் ஒரு தட்டு. சீருடை போட்ட இரண்டு பேர் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். நல்லதே. ஆனால் சீருடை என்பது துணிதான். அது கயிறு ஆகாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கித் துடைக்கும் வேலை பார்க்கிறார். சவுக்குக் கட்டையில் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடித்தவரின் மகன். கீழே பார்த்தால் பயமாக இருக்காதா என்று கேட்டேன். "கீழே பாக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. நான் கீழேதான் பாப்பேன், ஒண்ணும் ஆகாது. மேலே கயிறு கட்டின இடத்துல யாரு நிக்கறாங்கன்னுதான் பயம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் பாதுகாப்புப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தொங்குவதற்கு ஒரு கயிறு, அது அறுந்தால் பிடிக்க வேறிடத்தில் கட்டிய இரண்டாவது கயிறு. கயிறு உரசும் சுவர் விளிம்பில் மடித்த சாக்கு. மேலே கண் இமைக்காமல் ஓர் ஆள். பல கட்டடங்களின் மொட்டை மாடியில் கயிறு கட்டவென்று ஓர் இரும்பு வளையம்கூடக் கிடையாதாம். தண்ணீர்த் தொட்டியின் தூணிலோ, ஏதாவதொரு குழாயிலோ கட்ட வேண்டியிருக்குமாம். கண்ணாடிக்கு எத்தனையோ இலட்சம் செலவழித்தவர்களுக்கு அந்த வளையம் ஏன் நினைவுக்கு வரவில்லை? கட்டடம் வரைந்தவர் அதைக் கீழே நின்று பார்த்தார். துடைப்பவர் ஒருவர்தான் அதை வெளியிலிருந்து, அந்த உயரத்திலிருந்து பார்க்கிறார். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது சில கட்டடங்களின் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. கண்ணாடிக்கே அந்த உயரத்தில் பிடிமானம் போதவில்லை என்றால், கயிற்றில் தொங்குகிறவனுக்கு?

இனிச் சட்டக் கதை. இதை நூலகத்தில் தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. எந்தெந்த வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைக்கக் கூடாது என்று அரசு அறிவிக்கலாம் என்பது அதன் பத்தாம் பிரிவு. அதன்படி 1976 டிசம்பர் 9-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் ஆளுகைக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துப்புரவு செய்தல், தூசி தட்டுதல், காவல் காத்தல் ஆகியவற்றுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்றது. எவ்வளவு பெரிய சொல்! பெருக்குகிறவரும் இனி நிறுவனத்தின் ஊழியர். ஆனால் அதன் வாலில் ஒரு விலக்கு ஒட்டியிருந்தது. பல மாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தைத் துப்புரவு செய்வது தனித்த அனுபவம் இல்லாமல் இயலாத வேலையாக இருந்தால், இந்தத் தடை அதற்குப் பொருந்தாது!

நன்கு கவனிக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனித் திறமை வேண்டும் என்று அரசே 1976-இல் ஒப்புக்கொண்டது. திறமை வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்க வேண்டும்? கூடுதல் ஊதியமும் நிலையான வேலையும் என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் தரையைப் பெருக்குகிறவருக்குக் கிடைத்த பாதுகாப்பு பதினான்காம் மாடியில் தொங்குகிறவருக்குக் கிடைக்காமல் போக அந்தத் திறமையே காரணமாயிற்று.

பெருக்குகிறவருக்குக் கிடைத்ததும் நிலைக்கவில்லை. தடை செய்யப்பட்ட வேலையிலிருந்த ஒப்பந்தத் தொழிலாளர் நேரடி ஊழியராகவே ஆகிவிடுவர் என்று ஏர் இந்தியா வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2001 ஆகஸ்ட் 30-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அதை மாற்றியது. ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியே ஆராயாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து விடுத்த அறிவிக்கை என்று சொல்லி 1976 அறிவிக்கையையும் நீக்கியது. பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. நிறுவனத்தின் மையப் பணிக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்கிறது அது. மையப் பணியில் சேராதவை எவை என்று ஒரு பட்டியலும் தருகிறது. துப்புரவையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தைத் தவிர மற்றவற்றுக்கு, அப்பட்டியலின் தொடக்கத்திலேயே பெருக்குதல், துப்புரவு செய்தல், தூசி தட்டுதல். 1976-இல் தடைக்குள் இருந்த அதே சொற்கள் இப்போது விலக்குக்குள் இருக்கின்றன. மேலும், பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் பொருந்தும்; புதியதன் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கு 50 பேர் வேண்டும். எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போகும் ஒப்பந்தக்காரரும் அவருடைய ஆட்களும் எங்கே போவார்கள்?

ஒப்பந்தமே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆண்டுக்கு நான்கு முறை துடைக்கும் வேலைக்கு ஓர் அலுவலகம் நிரந்தர ஊழியர் வைக்க முடியாது. ஒரு வீடு நிச்சயமாக முடியாது. வெளியாட்கள் வரட்டும். உயரத்து வேலை தெரிந்தவர்களே வரட்டும்; என் தாயாரைப் போன்றவர்கள் ஏற வேண்டாம். ஆனால் கண்ணாடி யாருடையதோ, கயிறு கட்டும் இடமும் அவர் பொறுப்பு என்பதே என் கருத்து. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதலாளி கொடுக்க வேண்டும் என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. கூலிக்குப் பொருந்தும் நியாயம் எலும்புக்குப் பொருந்தாதா?

ஆகவே ஆள் அழைக்கும் வீட்டார் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். கயிறு எத்தனை, எங்கே கட்டப் போகிறார்கள், மேலே நிற்பவர் யார், இடுப்புப் பட்டையா அல்லது தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் முழுப் பட்டையா, ஈ.எஸ்.ஐ. அட்டையோ காப்பீடோ இருக்கிறதா. காற்று வலுத்தால் இன்று வேண்டாம், நாளை வாருங்கள் என்று சொல்லும் மனமும் வேண்டும். ரங்கநாதன் தெருவில் புடவைக்குப் பேரம் பேசுகிற நாக்கு நமக்கு இருக்கிறது. அந்த நாக்கைக் கயிற்றிடம் நீட்டக் கூடாது. ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டால் ஒப்பந்தக்காரர் குறைத்துக்கொள்வார். எதைக் குறைப்பார்? தண்ணீரையா? மாடியில் நிற்க வேண்டிய அந்த இரண்டாவது ஆளைத்தான் குறைப்பார்.

புதிய அடுக்குமாடிகளில் வீடு வாங்குவோரும் சமையலறை மேடை கிரானைட்டா என்று பார்ப்பதோடு, சன்னல் கதவு உட்பக்கமாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவுக்கு வெளிப்பக்கம் என்ற ஒன்றே இல்லை. அறைக்குள் நின்றே இரண்டு பக்கமும் துடைக்கலாம். நம் பாட்டன் வீட்டுப் பலகைக் கதவுகள் பலவும் அப்படித்தான் திறந்தன.

நம் கல்லூரியைப் பற்றியும் ஒரு சொல். புதிதாக எழுந்துகொண்டிருக்கும் மூன்று மாடி வகுப்பறைக் கட்டடத்தில் படிக்கட்டுப் பக்கம் முழுவதும் கண்ணாடி வரப்போவதாக வரைபடப் பலகையில் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் பூசுவதற்கு முன்பே மொட்டை மாடியின் தளத்தில் இரும்பு வளையங்களைக் கான்கிரீட்டோடு சேர்த்துப் பதித்துவிடுமாறு முதல்வர் அவர்கள் பொறியாளரிடம் சொல்ல வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பிறகு இடித்துப் பதிப்பதைவிட இப்போது செலவு மிகக் குறைவு. உட்பக்கத்துக் கண்ணாடிகளுக்கும் நம் வேதியியல் ஆய்வகத்தின் சன்னல்களுக்கும் ஆள் தேவையில்லை. எங்கள் வகுப்பில் பதினொரு பேர் சம்மதித்திருக்கிறார்கள். வைப்பர் இரண்டு வாங்கப் பணமும் சேர்ந்துவிட்டது. கணினி ஆய்வகத்தின் பின்சுவரில் ஏ.சி. நீர் சொட்டும் குழாய்கள் மூன்று இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை அவற்றின் கீழே வாளி வைக்க அனுமதி மட்டும் வேண்டும்.